மதிப்பகமும் வீச்சகமும் காண்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மொரிசியசில் லெ பூஸ் என்றொரு மலை இருக்கிறது. பெயருக்குப் பொருள் கட்டைவிரல். தூரத்திலிருந்து பார்த்தால் மூடிய கையில் ஒரு விரல் மட்டும் நிமிர்ந்து நிற்பதுபோலத்தான் தெரியும். உயரம் 812 மீட்டர். 1836 மே மாதம் இந்தத் தீவில் தங்கியிருந்த சார்லஸ் டார்வின்கூட இதன்மேல் ஏறியிருக்கிறார். மோக்கா பக்கமாக ஏறி, மறுபக்கம் போர்ட் லூயிசுக்கு இறங்கிவிடலாம். இறங்கினால், தரங்கம்பாடியின் பழைய ஐரோப்பியப் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் த்ராங்கபார் பகுதி பக்கத்தில்தான் இருக்கும்.

இப்படி ஏறி இறங்கிய ஒருவர், புறப்பட்ட இடத்தின் உயரத்தையும் வந்துசேர்ந்த இடத்தின் உயரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு, "நான் போன உயரமெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையில்தான்" என்றால் என்ன ஆகும்? நடுவில் நின்ற மலையே காணாமல் போகும்.

ரோஸ் ஹில்லில் கோயிலை ஒட்டிய ஓர் அறையில் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித்தருகிறேன். ஒருநாள் கரும்பலகையில் இந்தக் கணக்கை எழுதினேன்:

ம = ப² − 4ப + 7, இங்கே 0 ≤ ப ≤ 5. வீச்சகம் காண்க. (அதாவது, ம-வாக வரக்கூடிய எண்கள் எவையெவை?)

பெரும்பாலான பிள்ளைகள் எழுதிய விடை 7 ≤ ம ≤ 12. "ப-க்கு 0 போட்டால் 7, 5 போட்டால் 12, அவ்வளவுதானே மிஸ்?" என்றாள் ஒருத்தி. "ப-க்கு 2 போட்டுப் பார்" என்றேன். போட்டாள். 3 வந்தது. அவள் எழுதியிருந்த எல்லைக்குள் 3 இல்லை. இந்தக் கோடு முனைகளுக்கு இடையில் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுகிறது. சரியான விடை 3 ≤ ம ≤ 12.

அந்தப் பெண் கெட்டிக்காரி. வர்க்கமூலத்துக்குள் குறை எண் வரக்கூடாது, பின்னத்தின் பகுதியில் சுழி வரக்கூடாது என்ற விதிகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் விடை தவறியது. மதிப்பகத்தையும் வீச்சகத்தையும் விதிகளின் பட்டியலாகப் படித்தால் இப்படித்தான் ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் விதிகளை நாமே ஆக்கிக்கொள்ளலாம். இந்த வழிகாட்டியை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எழுத்துகளைப் பற்றி ஒரு சொல்

தேர்வுத்தாளில் எக்ஸ், ஒய் என்று வருவதை நான் தமிழில் சொல்லித்தரும்போது ப, ம என்று எழுதுகிறேன். உள்ளே போகும் எண் ப, வெளியே வரும் எண் ம. "அ, க என்று தொடங்கலாமே" என்று ஒரு பையன் கேட்டான். எங்கள் நாட்டுப் பணத்தாள்களில் தமிழ் எண்களும் அச்சாகின்றன. ஒன்றுக்கான குறி க போலவும், ஏழுக்கானது எ போலவும், எட்டுக்கானது அ போலவும் இருக்கும். மாறிக்கும் எண்ணுக்கும் ஒரே முகம் இருந்தால் குழப்பம்தான். ப, ம இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை.

சொற்களையும் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு சார்பு என்பது இயந்திரம். ஓர் எண்ணைப் போட்டால் ஓர் எண் வரும், ஒன்றே ஒன்றுதான் வரும். போடத்தக்க எண்கள் எல்லாம் சேர்ந்தது மதிப்பகம். உண்மையில் வெளியே வரும் எண்கள் எல்லாம் சேர்ந்தது வீச்சகம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மதிப்பகத்தைச் சார்பகம் என்றும் பார்த்திருப்பீர்கள். இலங்கை மாணவர்கள் ஆட்சி, வீச்சு என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. தேர்வு ஆங்கிலத்தில், வகுப்பில் விளக்கம் பிரெஞ்சிலும் கிரியோலிலும் என்று வளர்ந்தவர்கள். மதிப்பகத்துக்கான பிரெஞ்சுச் சொல்லான "தொமேன்" என்றதும் பழைய கரும்புப் பண்ணைகளின் பெயர்கள்தான் அவர்கள் மனத்தில் வருகின்றன. நல்லதுதான். பண்ணை என்றால் எல்லை உண்டு, வேலி உண்டு, உள்ளே விடக்கூடாத இடமும் உண்டு. மதிப்பகத்தை அப்படியே பார்க்கலாம்.

முதல் படி: மதிப்பகத்துக்கான கேள்வி

கேள்வி இதுதான்: எந்த எண்ணைப் போட்டால் இந்த இயந்திரம் நின்றுவிடும்?

எது வேலை செய்யும் என்று தேடத் தொடங்கினால் முடிவே இருக்காது, ஏனென்றால் பெரும்பாலும் எல்லா எண்களும் வேலை செய்யும். தொல்லை தரும் எண்களைக் கண்டுபிடித்து விலக்குங்கள். மிஞ்சுவது மதிப்பகம். பள்ளிக் கணக்கில் இயந்திரம் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: பகுதியில் சுழி, இரட்டைப்படி மூலத்துக்குள் குறை எண், மடக்கைக்குள் சுழியோ குறை எண்ணோ. டேன்ஜென்ட் நான்காவது போலத் தெரியும். ஆனால் அது சைனைக் கொசைனால் வகுப்பதுதான் என்பதால் முதல் வகையிலேயே அடங்கிவிடும்.

இந்த மூன்றும் இல்லாத கோவை, எடுத்துக்காட்டாக ம = 4ப³ − ப + 9, எங்கேயும் நிற்காது. மெய்யெண்கள் எல்லாம் மதிப்பகம். இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பகுதி இருந்தால் அதை மட்டும் சுழிக்குச் சமமாக்குங்கள். ம = 5/(ப − 3) என்றால் ப = 3 மட்டும் விலக்கு. தொகுதியில் என்ன இருந்தாலும் இந்தப் படியில் கவலையில்லை, தொகுதி சுழியாகலாம்.

வர்க்கமூலம் இருந்தால் உள்ளே இருப்பதை ≥ 0 என்று எழுதுங்கள். ம = √(12 − 4ப) என்றால் 12 − 4ப ≥ 0, அதாவது −4ப ≥ −12. இனி −4 ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுத்தால் அசமன்பாட்டின் குறி திரும்பும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தேர்வு அவசரத்தில் மறந்துபோகிறது. விடை ப ≤ 3. நான் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகக் கேட்பேன்: விடை எழுதியதும் எல்லையின் இரு பக்கமும் ஒவ்வோர் எண் போட்டுப் பார். ப = 0 என்றால் √12, சரி. ப = 4 என்றால் √(−4), நிற்கிறது. பத்து விநாடிதான். குறி தவறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முப்படி மூலம் வேறு. −8-க்கு முப்படி மூலம் −2. எனவே முப்படி மூலத்துக்குள் எதுவும் போகலாம். மூலக்குறியைக் கண்டதுமே ≥ 0 என்று எழுதும் கை இங்கே சற்று நிற்க வேண்டும்.

வர்க்கமூலம் பகுதியில் இருந்தால் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வரும். ம = 1/√(ப − 2) என்பதில் உள்ளே இருப்பது குறையாகவும் கூடாது, சுழியாகவும் கூடாது. எனவே ப > 2. சமக்குறி போய்விட்டது. அந்தச் சின்னக் கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் மதிப்பெண் போகும்.

உள்ளே இருபடிக் கோவை வந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ம = √(ப² − ப − 6). காரணிப்படுத்தினால் (ப − 3)(ப + 2) ≥ 0. இங்கே பலர் "ப ≥ 3, ப ≥ −2" என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிடுகிறார்கள். அது தவறு. எண்கோட்டை வரைந்து −2, 3 என்ற இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். கோடு மூன்று துண்டாகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண்ணை எடுத்துச் சோதியுங்கள். −3 போட்டால் (−6)(−1) = 6, மிகை. 0 போட்டால் −6, குறை. 4 போட்டால் 6, மிகை. ஆக, மதிப்பகம் ப ≤ −2 அல்லது ப ≥ 3. நடுத்துண்டுக்கு வேலிக்குள் இடமில்லை.

இரண்டு மூன்று தொல்லைகள் ஒரே கோவையில் இருந்தால் தனித்தனியே கண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துங்கள். ம = √(ப + 4)/(ப² − 1) என்றால் மூலத்துக்காக ப ≥ −4, பகுதிக்காக ப ≠ 1, ப ≠ −1. மூன்றும் சேர்ந்ததே விடை.

சுருக்குவதற்கு முன்பே பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே வழுக்குகிற இடம் இது.

ம = (ப² − 4)/(ப − 2). தொகுதியைக் காரணிப்படுத்தி அடித்தால் ம = ப + 2. அழகான நேர்கோடு. "மெய்யெண்கள் எல்லாம் மதிப்பகம்" என்று கை எழுதிவிடும். ஆனால் கொடுத்த இயந்திரத்தில் 2-ஐப் போட்டால் 0/0. அது நின்றுவிடுகிறது. நாம் சுருக்கிய இயந்திரம் வேறு, கொடுத்த இயந்திரம் வேறு. எனவே ப ≠ 2. வரைபடத்தில் அந்த நேர்கோட்டில் ஒரே ஒரு புள்ளி ஓட்டையாக இருக்கும். வீச்சகத்திலும் அந்த ஓட்டை தெரியும்: 4 என்ற விடை வர வேண்டுமானால் ப = 2 ஆக வேண்டும், அது உள்ளே வர முடியாது. எனவே ம ≠ 4.

மடக்கையிலும் இதே கதை. மடக்கை(ப² − 9) என்பதற்கு ப < −3 அல்லது ப > 3. அதையே மடக்கை(ப + 3) + மடக்கை(ப − 3) என்று பிரித்து எழுதினால் இரண்டு மடக்கைகளும் தனித்தனியே உயிரோடு இருக்க வேண்டும். ப > 3 மட்டுமே மிஞ்சும். இடப்பக்கத் துண்டு முழுவதும் போய்விட்டது. கொடுத்த வடிவத்திலேயே மதிப்பகத்தை எழுதிவிட்டுப் பிறகு சுருக்குங்கள்.

கதை சொல்லும் கணக்கில் வேலி வேறு

வாய்ப்பாடு அனுமதிப்பதையெல்லாம் வாழ்க்கை அனுமதிப்பதில்லை. 40 மீட்டர் வேலிக்கம்பி இருக்கிறது, அதைக் கொண்டு செவ்வக வடிவில் ஒரு காய்கறிப் பாத்தியை அடைக்க வேண்டும். ஒரு பக்கம் ப என்றால் அடுத்த பக்கம் 20 − ப. பரப்பு ம = ப(20 − ப). வாய்ப்பாட்டை மட்டும் பார்த்தால் ப எந்த மெய்யெண்ணும் ஆகலாம். ஆனால் பக்கம் குறை எண்ணாக இருக்க முடியாது, அடுத்த பக்கமும் மிகையாக இருக்க வேண்டும். எனவே 0 < ப < 20. கேள்வியில் எல்லையை எழுதித் தரவில்லை என்றாலும் அது கதைக்குள் ஒளிந்திருக்கிறது.

இன்னும் நுட்பமானது தால் பூரிக் கணக்கு. எங்கள் ஊரில் தெருவோரத்தில் தால் பூரியைச் சோடியாகத்தான் விற்பார்கள். ஒரு சோடி 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ப சோடி வாங்கினால் ம = 25ப. வரைபடம் என்றதும் பிள்ளைகள் நேர்கோடு ஒன்றை இழுத்துவிடுகிறார்கள். அரைச் சோடி யார் தருவார்கள்? மதிப்பகம் 0, 1, 2, 3 என்று போகும் முழு எண்கள் மட்டும். வீச்சகம் 0, 25, 50, 75 என்று தனித்தனியாக நிற்கும் எண்கள். கோடு கிடையாது, புள்ளிகள்தான்.

இரண்டாம் படி: வீச்சகத்துக்கான கேள்வி

மதிப்பகம் காண்பது எளிது, வீச்சகம் கடினம் என்று எல்லாரும் சொல்வார்கள். காரணம், நாம் கேள்வியை முன்னாலிருந்தே கேட்கிறோம்: "இதைப் போட்டால் என்ன வரும்?" எத்தனை எண்ணைப் போட்டுப் பார்ப்பது? கேள்வியைத் திருப்ப வேண்டும். இந்த விடை வர வேண்டுமானால், உள்ளே போடுவதற்கு மதிப்பகத்தில் ஓர் எண் இருக்கிறதா? இருந்தால் அந்த விடை வீச்சகத்தில் உண்டு. இல்லையென்றால் இல்லை. கீழே வரும் வழிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

எளிய வழி, உள்ளிருந்து வெளியே கட்டிக்கொண்டு வருவது. ம = 3 − √(ப + 1) என்பதைப் பாருங்கள். வர்க்கமூலம் எப்போதும் 0 அல்லது அதற்கு மேல். அதன்முன் குறைக்குறி வந்தால் 0 அல்லது அதற்குக் கீழ். 3-ஐக் கூட்டினால் 3 அல்லது அதற்குக் கீழ். எனவே ம ≤ 3. வர்க்கமூலம் எவ்வளவு பெரிதாகவும் வளரும் என்பதால் கீழே எல்லை இல்லை. அடுக்குச் சார்பும் இப்படித்தான்: 2^ப எப்போதும் 0-க்கு மேல், ஆனால் 0 ஆகாது. எனவே ம = 2^ப + 5 என்றால் ம > 5. இங்கே ≥ எழுதினால் தவறு. கோடு 5-ஐ நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. மடக்கை இதற்கு நேர் எதிர்: உள்ளே மிகை எண்கள் மட்டும், வெளியே மெய்யெண்கள் அனைத்தும்.

இருபடிக் கோவைக்கு வர்க்கப் பூர்த்தி. ம = 2ப² − 12ப + 11. முதலில் 2-ஐ வெளியே எடுங்கள்: 2(ப² − 6ப) + 11. அடைப்புக்குள் 9-ஐக் கூட்டிக் கழியுங்கள்: 2((ப − 3)² − 9) + 11. விரித்தால் 2(ப − 3)² − 7. வர்க்கம் ஒருபோதும் 0-க்குக் கீழே போகாது என்பதால் ம ≥ −7. ப = 3 ஆகும்போது −7 உண்மையிலேயே வருகிறது, ஆகவே சமக்குறி நிற்கும். முன்னால் சொன்ன காய்கறிப் பாத்திக்கும் இதைச் செய்யுங்கள்: ப(20 − ப) = 100 − (ப − 10)². பரப்பு அதிகபட்சம் 100 சதுர மீட்டர். 0 < ப < 20 என்பதால் 0 < ம ≤ 100. கீழே சமக்குறி இல்லை, மேலே உண்டு. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பாத்தி 10 மீட்டர் சதுரமாக அமையலாம், ஆனால் பரப்பே இல்லாத பாத்தி கிடையாது.

பின்னமாக இருந்தால் ப-வைத் தனியே பிரித்தெடுங்கள். திருப்பிக் கேட்கும் கேள்வி இங்கேதான் அப்படியே வேலை செய்கிறது. ம = (2ப + 1)/(ப − 3). குறுக்கே பெருக்கினால் மப − 3ம = 2ப + 1. ப உள்ளதெல்லாம் ஒரு பக்கம்: ப(ம − 2) = 3ம + 1. எனவே ப = (3ம + 1)/(ம − 2). எந்த ம-க்கு ப கிடைக்கவில்லை? ம = 2-க்கு மட்டும். வீச்சகம் 2 தவிர மற்ற எல்லா மெய்யெண்களும். வரைபடத்தில் ப = 3 என்ற நிலைக்குத்துக் கோடும் ம = 2 என்ற கிடைக்கோடும் தொலைத்தொடுகோடுகளாக, அதாவது வளைகோடு நெருங்கிக்கொண்டே போயும் தொடாத கோடுகளாக, நிற்கும். முதலாவது மதிப்பகத்தில் விடுபட்டதைக் காட்டுகிறது, இரண்டாவது இங்கே வீச்சகத்தில் விடுபட்டதை.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ம = ப/(ப² + 1). பகுதி ஒருபோதும் சுழியாகாது, எனவே மதிப்பகத்தில் தடையே இல்லை. ஆனால் வீச்சகம்? பெருக்கி எழுதினால் மப² − ப + ம = 0. இது ப-வில் ஓர் இருபடிச் சமன்பாடு. அதற்கு மெய்யான தீர்வு இருந்தால்தான் அந்த ம கிடைக்கும். மெய்யான தீர்வு உண்டா என்று காட்டும் தன்மைக்காட்டி 1 − 4ம² ≥ 0 ஆக வேண்டும். அதாவது −1/2 ≤ ம ≤ 1/2. ம = 0 என்றால் அது இருபடியாகவே இருக்காது என்பதால் அதைத் தனியே பாருங்கள்: ப = 0 போட்டால் ம = 0, சரி, அதுவும் உள்ளே. எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் இந்த 1/2 என்ற எல்லையை ஊகிக்கத்தான் முடியும். திருப்பிக் கேட்டதால் நிறுவிவிட்டோம். இதைச் செய்து முடிக்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் ஆசையாக நடத்துகிறேன்.

எல்லை கொடுத்த மதிப்பகம்

இப்போது லெ பூஸ் மலைக்குத் திரும்புவோம். மதிப்பகத்துக்கு இரு முனை கொடுத்துவிட்டால் வீச்சகத்துக்கு முனைகள் போதுமா? வழியில் ஏற்றமோ இறக்கமோ திரும்பாவிட்டால் போதும். திரும்பினால் போதாது. எனவே முனைகளைப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்: நடுவில் எங்காவது திரும்புகிறதா?

தொடக்கத்தில் பார்த்த ம = ப² − 4ப + 7 என்பது (ப − 2)² + 3. திரும்புமிடம் ப = 2, அது 0-க்கும் 5-க்கும் இடையில் இருக்கிறது. எனவே 3-ஐச் சேர்க்க வேண்டும். அதே கோவைக்கு 3 ≤ ப ≤ 5 என்று கொடுத்திருந்தால் திரும்புமிடம் வேலிக்கு வெளியே. முனைகளே போதும்: 4 ≤ ம ≤ 12. கோவை மாறவில்லை, வேலி மாறியது, வீச்சகமும் மாறிவிட்டது. மதிப்பகத்தைச் சொல்லாமல் வீச்சகத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

முப்படிக் கோவை வந்தால் வகைக்கெழு உதவும். கோட்டின் சரிவைச் சொல்வது அது, திரும்புமிடத்தில் சுழியாகும். ம = ப³ − 12ப, −3 ≤ ப ≤ 5. வகைக்கெழு 3ப² − 12, அது சுழியாகும் இடங்கள் −2, 2. இரண்டும் உள்ளே இருக்கின்றன. நான்கு இடங்களிலும் மதிப்பைக் காணுங்கள்: ப = −3 என்றால் 9, −2 என்றால் 16, 2 என்றால் −16, 5 என்றால் 65. மிகச் சிறியது −16, மிகப் பெரியது 65. வீச்சகம் −16 ≤ ம ≤ 65. முனைகளை மட்டும் நம்பியிருந்தால் 9 முதல் 65 வரை என்று எழுதியிருப்போம்.

முக்கோணச் சார்புகளுக்கு வானத்தையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளலாம். மொரிசியஸ் தெற்கு அட்சரேகை 20 பாகை அளவில் இருக்கிறது. இங்கே டிசம்பர் கடைசியில் பகல் மிக நீளம், ஏறத்தாழ 13.3 மணி நேரம். ஜூன் கடைசியில் மிகக் குறைவு, ஏறத்தாழ 10.9 மணி நேரம். சென்னைக்கு நேர் எதிர்ப் பருவம். டிசம்பர் 21-இலிருந்து எண்ணிய நாள் ப என்றால், பகல் நீளத்தை ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

ம = 12.1 + 1.2 × கொசைன்(2πப/365)

கொசைன் −1-க்கும் 1-க்கும் இடையில் ஊசலாடும். 1.2 ஆல் பெருக்கினால் −1.2-க்கும் 1.2-க்கும் இடையில். 12.1-ஐக் கூட்டினால் 10.9 ≤ ம ≤ 13.3. ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டால் இதுதான் வீச்சகம். ஆனால் ப = 0, ப = 365 என்று முனைகளை மட்டும் போட்டால் இரண்டிலும் 13.3 வரும், குளிர்காலமே இல்லாமல் போகும்! மாறாக, காவடி எடுக்கும் தை மாதத்தை மட்டும் பாருங்கள். ஜனவரி 14 முதல் பிப்ரவரி 12 வரை, அதாவது 24 ≤ ப ≤ 53. இந்த நாள்களில் பகல் குறைந்துகொண்டே போகிறது, எங்கும் திரும்பவில்லை. முனைகளே போதும்: ஏறத்தாழ 12.8 ≤ ம ≤ 13.2.

நேர்மாறும் சேர்ப்பும்

எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இங்கேதான் மதிப்பெண் குவிந்திருக்கிறது. நேர்மாறு சார்பு என்பது இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுவது. அதனால் பழைய வீச்சகம் புதிய மதிப்பகம் ஆகும், பழைய மதிப்பகம் புதிய வீச்சகம் ஆகும். நேர்மாறின் மதிப்பகத்தைக் கேட்டால் அதன் வாய்ப்பாட்டை நோண்ட வேண்டாம், பழைய வீச்சகத்தை எடுத்து எழுதுங்கள்.

ம = 2(ப − 3)² − 7 என்பதற்கு எல்லா மெய்யெண்களிலும் நேர்மாறு கிடையாது, ஏனென்றால் ப = 2, ப = 4 இரண்டும் −5 என்ற ஒரே விடையைத் தருகின்றன. −5-ஐக் கொடுத்துத் திருப்பினால் இயந்திரம் எதைத் தரும்? எனவே மதிப்பகத்தைத் திரும்புமிடத்தில் வெட்டி ப ≥ 3 என்று வைக்கிறோம். "நேர்மாறு இருப்பதற்கு ப எந்த எண்ணிலிருந்து தொடங்கலாம், அந்த மிகச் சிறிய எண் எது?" என்று கேட்டால் விடை இந்த 3-தான். இனி ப = 3 + √((ம + 7)/2). மூலத்துக்கு முன் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதையும் மதிப்பகமே தீர்க்கிறது: ப ≥ 3 என்பதால் கூட்டல். நேர்மாறின் மதிப்பகம் −7-இலிருந்து மேலே, வீச்சகம் 3-இலிருந்து மேலே.

இரண்டு இயந்திரங்களை அடுத்தடுத்து வைத்தால் முதலாவதிலிருந்து வருவது இரண்டாவதற்குள் போகத்தக்கதாக இருக்க வேண்டும். முதலாவது வர்க்கமூலம், இரண்டாவது வர்க்கம் என்று வையுங்கள். (√ப)² = ப என்று சுருங்கிவிடும். ஆனாலும் மதிப்பகம் ப ≥ 0 மட்டுமே, ஏனென்றால் குறை எண் முதல் இயந்திரத்திலேயே நின்றுபோகும். வரிசையை மாற்றி முதலில் வர்க்கம், பிறகு வர்க்கமூலம் என்றால் எல்லா எண்களும் போகலாம். விடை ப-வின் மட்டு மதிப்பு.

வீட்டில் செய்து பார்க்க

ம = √(10 − 2ப)/(ப + 1): மதிப்பகம் ப ≤ 5, ஆனால் ப ≠ −1.

ம = 7 − 3(ப + 2)²: வீச்சகம் ம ≤ 7. இதையே 0 ≤ ப ≤ 1 என்ற வேலிக்குள் கேட்டால் திரும்புமிடமான −2 வெளியே நிற்கிறது, எனவே −20 ≤ ம ≤ −5.

ம = (3ப − 2)/(ப + 4): மதிப்பகத்தில் −4 இல்லை, வீச்சகத்தில் 3 இல்லை.

அன்று 7 ≤ ம ≤ 12 என்று எழுதிய பெண்ணுக்கு அடுத்த சனிக்கிழமை அதே கோவையைப் பகுதியில் வைத்துக் கொடுத்தேன்: ம = 1/(ப² − 4ப + 7). அவள் உடனே எண் எதையும் போடவில்லை. முதலில் பகுதியை (ப − 2)² + 3 என்று மாற்றினாள். அது 3-க்குக் கீழே போகாது, எனவே சுழியாகவே ஆகாது, மதிப்பகத்தில் தடையில்லை என்று எழுதினாள். பகுதி 3 ஆகும்போது ம மிகப் பெரிதாக 1/3. பகுதி வளர வளர ம சுருங்கும், ஆனால் 0-ஐத் தொடாது. 0 < ம ≤ 1/3. பிறகு, நான் கேட்காமலே, பழைய வேலியைப் போட்டுப் பார்த்தாள். 0 ≤ ப ≤ 5 என்றால் பகுதி 3 முதல் 12 வரை, ஆகவே 1/12 ≤ ம ≤ 1/3. கீழே இப்போது சமக்குறி வந்துவிட்டதைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினாள்.